ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகும் ஸ்டியரிங்

மார்ச் 4

மருமகளுக்கு,

நேற்றுக் காலை ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டியரிங் பாதியில் இறுகிக்கொண்டது. நீ கேட் தூணில் இடித்தாய். இடது பக்க விளக்கு உடைந்தது, உனக்கு அடி இல்லை. இவ்வளவும் அந்த ஊருக்குப் போய்வருகிற பார்சல் வேன்காரன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உங்க வீட்டுக் காரு தூணை முட்டிக்கிட்டு நிக்குது முதலாளி" என்று, கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லார் காதிலும் விழும்படி கத்தினான்.

நீ அந்த ஊர் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். பதிலை வேன்காரனிடமே கொடுத்தனுப்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டியரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தாயா? அளவு குறைந்திருக்கிறதா, நுரைத்திருக்கிறதா, கருத்துப் போய் எரிந்த வாசனை அடிக்கிறதா? வண்டி நின்ற தரையில் சொட்டு உண்டா? முழுக்கத் திருப்பும்போது முனகுகிறதா? பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் தொளதொளவென்று போகிறதா? வேறு பெண்ணாக இருந்தால் இதையெல்லாம் எங்கே பார்த்திருக்கப் போகிறாள் என்று விட்டிருப்பேன். நீ என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். பார்த்திருப்பாய்.

வண்டியின் பேப்பர் கடை பெயரில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. என் மகன் கப்பல் வேலைக்குப் போகும்போது சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். திரும்பாத வண்டியை வைத்துக்கொண்டு ஊரார் முதுகை நீவிவிட வீடு வீடாகப் போவதைவிட, இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்காரலாம். யோசி.

உன் மாமனார்

*

மார்ச் 6

மாமா,

அடி பட்டதா என்று கேட்காமல், அடி இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தோளில் கன்றிப்போயிருக்கிறது. அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

நான் முதுகு நீவிவிடப் போகவில்லை. வாதம் வந்து கை விளங்காமல் போனவர்கள், எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவர்கள், இவர்களையெல்லாம் மறுபடி நடக்கவைக்கவும் கையைத் தூக்கவைக்கவும் போகிறேன். பிசியோதெரபி என்று அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு. கல்யாணத்துக்கு முன்னாலேயே படித்து முடித்த படிப்பு. பிரேக் லைனிங் பெயர்களை எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் உங்களுக்கு, இந்த ஒரு பெயர் மட்டும் ஏன் நாக்கில் நிற்க மாட்டேன் என்கிறது?

ஆயில் சரியான அளவில் இருக்கிறது. நுரை இல்லை, கருப்பு இல்லை, வாசனையும் இல்லை. தரையில் சொட்டு இல்லை. பெல்ட் விறைப்பாகத்தான் இருக்கிறது. முனகலும் இல்லை. ஆனால் இறுகுகிறது. ஒரு நேரம் சாதாரணமாகத் திரும்புகிறது, இன்னொரு நேரம் யாரோ கீழே உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பிடித்து இழுப்பது போல இருக்கிறது.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். தாடிக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் திறக்காமலேயே "ஸ்டியரிங் பம்ப் போயிடுச்சும்மா" என்றார். திறந்து பார்க்கவில்லையே என்று கேட்டதற்கு, "பழைய வண்டின்னா பம்புதான்" என்றார். உங்கள் ஞாபகம் வந்தது.

மாதக் கடைசியில் பெரிய டாக்டரம்மா என்னை வேலையில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப் போகிறார். வேலைக்குச் சேர்ந்த அன்று என் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னால், "சொந்த வண்டி இருக்கா?" என்றுதான் கேட்டார். இருக்கிறது என்றேன். அது கடை பெயரில் இருக்கும் வண்டி என்று சொல்லவில்லை. வண்டி நின்றால் என் வேலையும் நின்றது. இது உங்களுக்குத் தெரியாமல் இல்லை.

உங்கள் மருமகள்

*

மார்ச் 8

மருமகளுக்கு,

உன் தாடிக்காரர் திறக்காமல் சொன்னார் என்று கிண்டல் செய்கிறாய். நான் வண்டியைப் பார்க்காமலே சொல்கிறேன், பம்புதான். உள்ளே வால்வு ஒட்டிக்கொண்டால் இப்படித்தான், ஒரு நேரம் அழுத்தம் கொடுக்கும், ஒரு நேரம் கொடுக்காது. சத்தம் வந்துதான் தீர வேண்டும் என்று சட்டம் இல்லை.

இந்த வேனில் பம்ப் வருகிறது. நானே பிரித்து, சீல் மாற்றி, சோதித்துப் பார்த்து வைத்தது. மாட்டியபின் புது ஆயில் ஊற்றி, முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை மெதுவாகத் திருப்பச் சொல். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அவசரப்பட்டு என்ஜினை உறுமவிட்டால் ஆயில் நுரைத்து, புதுப் பம்பும் ஒரு வாரத்தில் ஊளையிடும்.

இங்கே நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். உன் இடத்தில் நெட்டையனை உட்கார வைத்திருக்கிறேன். குடோனில் மூட்டை தூக்க அவனைப்போல ஆள் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்தால் அவனுக்குக் கண் கட்டிவிடுகிறது. நேற்று ஒருவர் கிளட்ச் கேபிள் கேட்டார்.

"எந்த வண்டிக்கு?" என்று கேட்டிருக்கிறான்.

"வெள்ளை வண்டிக்கு" என்றாராம் அவர்.

இவன் போய் எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டான். அவர் திரும்பி வந்து, "என்னய்யா, இது என் வண்டியைவிட நீளமா இருக்கு?" என்று என் மூஞ்சியில் விட்டெறிந்தார். நீ இருந்தபோது, கொண்டுவந்த பழைய பாகத்தைத் திருப்பிப் பார்த்தே என்ன வண்டி, எந்த வருஷம் என்று சொல்வாய். அதைப் புகழ்ந்து எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

ஒரு பேச்சு வைத்துக்கொள்வோம். இந்தப் பம்புக்கு வண்டி சரியாகிவிட்டால், வண்டியை நீயே வைத்துக்கொள். ஆகவில்லை என்றால் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு நீ இங்கே வந்துவிட வேண்டும்.

உன் மாமனார்

*

மார்ச் 13

மாமா,

பம்ப் மாட்டியாகிவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியே ஜாக்கியில் தூக்கி, கோடிக்குக் கோடி திருப்பி, பொறுமையாகத்தான் செய்தார் தாடிக்காரர். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்துக் கழற்றியதில் என்ஜினுக்குக் கீழே எல்லாம் நனைந்து கிடந்தது. சாயங்காலம் வண்டியை ஓட்டினேன். பஞ்சு மாதிரி திரும்பியது. "எப்பிடி?" என்று தாடியைத் தடவிக்கொண்டார். உங்களைப் பற்றியும் இரண்டு நல்ல வார்த்தை நினைத்தேன், எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விட்டது நல்லதாகப் போயிற்று.

அடுத்த நாளும் நன்றாகத்தான் இருந்தது. நேற்று மறுபடி இறுகிவிட்டது.

பாலத்து வளைவில். இடது பக்கம் ஒடித்தேன், போனது. வளைவு முடிந்து நேராக்க வேண்டும், வரவில்லை. எதிரே லாரி. ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறான். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, தொங்குகிற மாதிரி இழுத்தேன். டக்கென்று விட்டது. லாரிக்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓட்டத் தெரியலன்னா வீட்ல இரும்மா!" என்று கத்திவிட்டுப் போனான். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரியே பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகும் மூன்று வீடுகளுக்குப் போய்விட்டுத்தான் திரும்பினேன். அவர்கள் காத்திருப்பார்கள்.

தாடிக்காரரிடம் போய் நின்றேன். "அப்ப கீழே சக்கரத்தைத் திருப்புற ராக் போயிருக்கும்மா" என்கிறார். பம்ப் என்றீர்களே என்றேன். "பம்பும் போயிருந்துச்சு, ராக்கும் போயிருக்கு" என்கிறார். இப்படியே ஒவ்வொன்றாகப் போனால் கடைசியில் ஹாரன் மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் பேச்சுப்படி நான் வந்துவிட வேண்டும். அந்தப் பேச்சுக்கு நான் சரி என்று சொல்லவில்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 14

வண்டியைத் தொடாதே. பேச்சும் வேண்டாம், பந்தயமும் வேண்டாம். சாவியைத் தாடிக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போ.

*

மார்ச் 15

மருமகளுக்கு,

உன் பதில் வருவதற்கு முன்னாலேயே எழுதுகிறேன். நேற்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துக்கூடப் போடவில்லை என்று உன் அத்தை சொன்னாள். லாரி விஷயத்தை அவளிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், துவைக்க எடுத்தவள் படித்துவிட்டாள். இப்போது என்னோடு அவள் பேசுவதில்லை.

கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. குடோனுக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். ராக் அனுப்பலாம் என்று எடுத்துத் துடைத்துக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகு பிரித்துவிட்டேன். பம்ப் விற்கிறவனுக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் பம்ப் கெட்டதாகத்தான் தெரியும். என் அலமாரியில் எது இருக்கிறதோ அதையே உன் வண்டியின் நோயாக்கி அனுப்பினேன். ராக்கையும் அப்படியே அனுப்பினால் நான் வியாபாரி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிகிறவன்.

நீ எழுதியதில் ஒரு வரி என்னை விடமாட்டேன் என்கிறது. வளைவு முடிந்து நேராக வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பம்ப் கெட்டால் திருப்பத்தான் கனக்கும். திருப்பி முடித்துக் கையைத் தளர்த்தினால் வண்டி ஓடுகிற ஓட்டத்தில் ஸ்டியரிங் தானாக நேரே வந்துவிடும். உன்னுடையது வரவில்லை என்றால் எங்கேயோ எதுவோ பிடிக்கிறது. எங்கே என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

வண்டியை நிறுத்திவைத்து, என்ஜினை அணைத்து, மெதுவாகத் திருப்பிப் பார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனக்கிறதா, சில இடத்தில் மட்டும் பிடிக்கிறதா? அதை மட்டும் எழுது. ஓட்டாதே.

உன் மாமனார்

*

மார்ச் 18

மாமா,

ஓட்டவில்லை. ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாகப் போய்வருகிறேன். பாதி வீடுகளுக்குத்தான் போக முடிகிறது. பெரிய டாக்டரம்மா நேற்று, "வண்டி என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

நீங்கள் சொன்ன மாதிரி என்ஜினை அணைத்துவிட்டு, முன் சக்கரங்களைத் தூக்கி வைத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கனக்கவில்லை. ஒரு முழுச் சுற்றில் சரியாக இரண்டு இடத்தில் பிடிக்கிறது. எத்தனை முறை சுற்றினாலும் அதே இரண்டு இடம்தான்.

அதைக் கையில் உணர்ந்த உடனே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. என்னிடம் கை தூக்க முடியவில்லை என்று வருகிறவர்கள் இரண்டு வகை. ஒருவருக்குத் தசையில் பலம் இருக்காது. அவரால் தூக்க முடியாது, ஆனால் நான் பிடித்துத் தூக்கினால் சுலபமாக வரும். இன்னொருவருக்கு மூட்டே இறுகியிருக்கும். நான் தூக்கினாலும் ஒரு கோணத்துக்கு மேல் வராது, எப்போதும் அதே கோணத்தில் நிற்கும். முதல் ஆளுக்குக் கொடுக்கும் பயிற்சியை இரண்டாவது ஆளுக்குக் கொடுத்துப் பலன் இல்லை. நீங்கள் அனுப்பிய பம்ப் தசை. இது மூட்டு.

தாடிக்காரரிடம் சொன்னேன். "வண்டிக்கு ஏதும்மா மூட்டு?" என்று சிரித்தார்.

"ஸ்டியரிங் தண்டுக்கும் ராக்குக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"கிராஸ் ஜாயின்ட் இருக்கும்... அது எங்கம்மா கெடப் போகுது?"

"கழட்டிக் காட்டுங்க. நல்லா இருந்தா நீங்க சொல்றபடி ராக்கை மாத்திடலாம்."

முதலில் நடுவில் இருந்த தண்டை ராக்கிலிருந்து பிரித்துவிட்டு, சக்கரத்தைக் கையால் இடதும் வலதுமாகத் தள்ளினார். ராக் தடையில்லாமல் போய் வந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மேல் முனையையும் கழற்றித் தண்டை என் கையில் கொடுத்தார். அதன் இரண்டு முனையிலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜாயின்ட். மேல் முனை துவண்டு தொங்கியது. கீழ் முனை, சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் இருப்பது, விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் மடிகிறது, குறுக்கே மடிய மறுக்கிறது. உள்ளே செக்கச்செவேலென்று துரு. கிரீஸ் ஒரு துளி இல்லை. பம்ப் மாற்றியபோது அடித்த ஸ்பிரேயில் நனைந்து இரண்டு நாள் நடித்திருக்கிறது.

"பைப் வச்சு பீய்ச்சி அடிச்சுக் கழுவினீங்களா? தண்ணி உள்ள போய் கிரீஸைத் தூக்கிட்டுப் போயிருக்கு" என்றார் தாடிக்காரர்.

நான் கழுவவில்லை. நான் கிளம்பிய காலையில் நெட்டையன் பானெட்டைத் திறந்து பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். "முதலாளி மூணு தடவை அடிக்கச் சொன்னாரு, ஒரு பொட்டுப் பிசுக்கு இருக்கக் கூடாதாம்" என்றான். விற்பனைக்குப் போகிற வண்டியைத்தான் நம் கடையில் அப்படிக் கழுவுவார்கள். என்னைப் போகவிடாமல் செய்ய, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை யாருக்கோ பேசி முடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் ஈரம் காயும் முன்பே, உங்களிடமும் அத்தையிடமும் சொல்லாமல், சாவியைப் போட்டுக் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

யாருக்கு விற்க இருந்தீர்கள்? இப்போதாவது சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 20

மருமகளுக்கு,

யாருக்கும் விற்க நினைக்கவில்லை. நீ கிளம்பத்தான் போகிறாய் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. அசலூரில் போய் நிற்கப் போகிற வண்டி. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் மருமகள் பிசுக்கு வழிகிற வண்டியில் வருகிறாள் என்று அங்கே எவனும் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் கழுவச் சொன்னேன். பேச மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது, வேறு என்ன செய்ய முடியும்? கழுவி முடித்துக் காய்ந்ததும் கீழே எல்லா இடத்துக்கும் கிரீஸ் வைக்கவேண்டும் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டி நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. நீ என்னிடம் சொல்லாமல் போனாய் என்று இத்தனை நாள் கோபமாக இருந்தேன். நானும் உன்னிடம் எதையும் சொல்லிவிட்டுச் செய்யவில்லை.

மூட்டு என்று நீ எழுதியதை நெட்டையனுக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணி டாக்டராயிட்டாங்க" என்றான். எனக்குத் தெரிந்த ஐந்தாறு கடையிலும் கேட்டுவிட்டேன், இந்த ஜாயின்ட் புதிதாக எங்கும் இல்லை. காயலான் கடைகளில் இருப்பதெல்லாம் உன்னுடையதைவிட மோசம். என் வண்டியும் அதே மாடல்தான் என்பதால், அதிலிருந்து தண்டோடு கழற்றி அனுப்புகிறேன். இரண்டு முனையும் துவள்கிறதா என்று பிடித்துப் பார்த்து வாங்கு. புதிது எங்காவது கிடைக்கும்வரை நான் நடக்கிறேன்.

மாட்டும்போது ஒன்றைக் கவனி. சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டியரிங்கும் நேராக இருக்கவேண்டும், கழற்றிய இடத்திலேயே தண்டின் பல் உட்காரவேண்டும். ஒரு பல் தள்ளிவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். போல்ட் அதற்குரிய பள்ளத்தில் இறங்கியிருக்கிறதா என்று நீயே குனிந்து பார். முறுக்கிவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதே, ஸ்பேனரை நீ கையில் வாங்கி ஒருமுறை இழு. அது விட்டுப்போனால் இறுகாது, ஒரேயடியாகத் திரும்பாமல் போகும்.

வண்டி ஓடினால்தான் உன் வேலை நிலைக்கும், தெரியும். இங்கே என் கல்லாவும் உன்னை நம்பித்தான் நின்றது. வேலையை விட்டுவிட்டு வா என்று இனிமேல் கேட்கவில்லை. வாரா வாரம் சனிக்கிழமை வந்து கொள்முதலை மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியுமா? எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று தெரிந்த ஆள் இங்கே என்னைத் தவிர இல்லை. என் லட்சணம்தான் பம்ப் விஷயத்தில் தெரிந்துவிட்டதே.

உன் மாமனார்

*

மார்ச் 25

மாமா,

மாட்டியாகிவிட்டது. பல் சரியாக உட்கார்ந்தது, போல்ட்டைக் குனிந்து பார்த்தேன், ஸ்பேனரை வாங்கி இழுத்தேன். தாடிக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "என்னை நம்பலியாம்மா?" என்றார். கேட்ட பாவத்துக்கு, "உங்களை மட்டுமா, யாரையுமே நம்ப வேண்டாம்னு எங்க மாமா உத்தரவு" என்றேன்.

பாலத்து வளைவில் வேண்டுமென்றே போய்வந்தேன். வளைவு முடிந்து கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக நேரே வந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவையும் அதே வளைவில் போனேன்.

விட்டுப்போன வீடுகளுக்கெல்லாம் இரண்டு நாளில் போய் முடித்தேன். இன்று காலை பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு, "பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். வண்டி யார் பேர்ல இருக்கு?" என்றார். கடை பெயரில் என்று உண்மையைச் சொன்னேன். "மாத்திக்கோ" என்றார்.

நீங்கள் கேட்டதை யோசித்தேன். வாரா வாரம் முடியாது, எனக்கும் துணி துவைக்க ஒரு நாள் வேண்டும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறேன். வீட்டுப் பெண் என்று சொல்லிச் சும்மா உட்காரவைக்கக் கூடாது. வருகிற நாளுக்கு, நெட்டையனின் நாள் கூலியைவிட ஒரு காசாவது கூட வேண்டும். நான் வேண்டாம் என்று சொன்ன சரக்கை என் முதுகுக்குப் பின்னால் வாங்கக் கூடாது. வண்டி என் பெயருக்கு மாற வேண்டும். உங்கள் மகன் பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கு. இதற்கெல்லாம் சம்மதமா?

உங்கள் மருமகள்

*

மார்ச் 27

மருமகளுக்கு,

உன் கடிதத்தை உன் அத்தை சத்தமாகப் படித்தாள். பாலத்து வளைவு வந்த இடத்தில் இரண்டு தடவை படித்தாள். என்னோடு மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறாள், பாதிப் பேச்சு திட்டுதான்.

பேரம் பேசுகிறவளுக்கு இவ்வளவு அவசரம் ஆகாது. உன் நிபந்தனைகளில் ஒன்றிரண்டை நான் தட்டுவேன் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நீ உள்ளதை உள்ளபடி கேட்டுவிட்டாய், எனக்குக் குறைக்க இடமே இல்லை. மாற்றல் பேப்பரில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், உன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிடு. கழற்றிய பழைய பம்ப் கெட்டதில்லை, அதைத் தாடிக்காரரிடம் விட்டுவிடாதே, வேனில் ஏற்று.

ஆக முடிந்த பேச்சு இது. வண்டி உன் பெயரில். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்து மதியம் வரை, நீ இங்கே. நீ வேண்டாம் என்றால் அந்தச் சரக்கு கடைக்குள் வராது. நாள் சம்பளம் நெட்டையனுடையதைவிட ஒரு பங்கு கூட. வந்துபோகிற பெட்ரோல் மட்டும் பாதிக்குப் பாதி.

உன் மாமனார்